பேடில் போர்டில் ஏறும் முன் காற்றைப் பாருங்கள்

சென்னைப் பக்கம் ஸ்டாண்ட் அப் பேடில் போர்டிங், அதாவது மிதக்கும் பலகையில் நின்றபடி துடுப்பு போட்டுப் போவதைப் பழக நினைப்பவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் இறங்குங்கள், காற்று வலுக்கும் முன் ஒன்பதுக்குள் கரையேறிவிடுங்கள். போர்டு, துடுப்பு, நிற்கும் விதம் எல்லாம் அப்புறம். நின்றுகொண்டு துடுப்பு போடும்போது உங்கள் உடம்பே பாய்மரம் ஆகிவிடுகிறது. பத்து கிலோமீட்டர் வேகக் காற்று கரையில் நிற்கும்போது சுகமாக இருக்கும். போர்டில் ஏறிய புதியவரை அதே காற்று சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு போகும்.

ஆனி, ஆடி மாதங்களில்தான் அதிகக் கவனம் வேண்டும். நம் கரை கிழக்கு பார்த்தது. மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அப்போது கரையோரத் தண்ணீர் அலையே இல்லாமல் வழவழவென்று இருக்கும், பழகுவதற்கென்றே அமைந்த மாதிரித் தெரியும். கொஞ்ச தூரம் உள்ளே போய்த் திரும்பினால்தான் எதிர்க்காற்றின் பலம் புரியும். அந்த மாதிரி நாளில் புதியவர்கள் கடலில் இறங்கவே கூடாது. முதல் நாள் இரவே போனில் காற்றின் வேகத்தையும் திசையையும் பாருங்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை முன்னறிவிப்பு தருகிறது. தொலைவிலிருந்து வந்து திடீரென்று எழும் பேரலையான கள்ளக்கடல் பற்றி எச்சரிக்கை இருந்தால் வீட்டிலேயே இருங்கள்.

பழகுவதற்குக் கடலைவிட உப்பங்கழி நல்லது. எனக்குப் பிடித்தது முட்டுக்காடு, கோவளம் பக்கத்துக் கழி. மாசி, பங்குனிக் காலைகளில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். கோடையில் பல இடங்களில் ஆழம் குறைந்துவிடும். போர்டின் அடியில் துடுப்புமீன் செதிள் மாதிரி நீட்டியிருக்கும் ஃபின் மணல் திட்டில் தட்டினால் போர்டு சட்டென்று நிற்கும், நீங்கள் முன்னால் போய் விழுவீர்கள். அதனால் குறைந்தது இடுப்பளவு தண்ணீராவது உள்ள இடமாகப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் முகத்துவாரப் பக்கம் போகாதீர்கள், வெள்ளநீர் கடலுக்கு இழுக்கும். ராமேஸ்வரம் பக்கம் போகிறவர்கள் பாக் விரிகுடாப் பக்கத்தில் பழகலாம். அங்கே அதைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். வடக்குப் பக்கம் பெரும்பாலும் அமைதியானது.

போர்டு உடனே வாங்க வேண்டாம். கோவளத்தில் சர்ஃபிங் கற்றுத்தரும் இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும், கூடவே ஒரு பயிற்சியாளரும் இருப்பார். முதல் வகுப்புக்கு அவர் அவசியம். வாங்குவதாக இருந்தால் பம்பால் காற்றடைத்து உப்பவைக்கும் போர்டு, சுமார் பத்தரை அடி நீளம், 32 முதல் 34 அங்குல அகலம், 6 அங்குலத் தடிமன் போதும். மெலிந்த போர்டு வேகமாகப் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அகலம்தான் உங்களை நிற்க வைக்கும். காற்றழுத்தம் போர்டிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 12 முதல் 15 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்லும் அதே அளவு). காற்று குறைந்தால் நடுவில் தொய்ந்து ஆட்டம் காட்டும். காற்றடைத்த போர்டை வெயிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். உள்ளே காற்று சூடாகி விரிந்து ஒட்டு விட்டுவிடலாம்.

லைஃப் ஜாக்கெட் நீச்சல் தெரிந்தவருக்கும் சேர்த்துத்தான். லீஷ் என்ற கயிறு காலுக்கும் போர்டுக்கும் இணைப்பு. விழுந்தவுடன் காற்று போர்டைத் தள்ளிக்கொண்டு போகாமல் அதுதான் காப்பாற்றும். ஆனால் ஓடுகிற ஆற்றில் காலில் கட்டக்கூடாது, கிளையிலோ பாறையிலோ சிக்கினால் அவிழ்க்க முடியாது. அங்கே இடுப்பில் கட்டி ஒரே இழுப்பில் கழற்றும் வகைதான்.

இனி நிற்பது. போர்டின் நடுவில் ஒரு கைப்பிடி இருக்கும், அதுதான் சமநிலைப் புள்ளி. அதன் இரு பக்கமும் முழங்கால் வரும்படி மண்டியிடுங்கள். அப்படியே கொஞ்ச நேரம் துடுப்பு போடுங்கள். இதை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள், போர்டின் ஆட்டம் உடம்புக்குப் பழகுவது இங்கேதான். பிறகு துடுப்பைக் குறுக்கே வைத்து இரண்டு கையையும் ஊன்றி, முழங்கால் இருந்த இடத்தில் ஒரு பாதம், அடுத்து மறு பாதம். பாதங்கள் தோள் அகலத்தில் முன்னோக்கி இருக்கட்டும். மெதுவாக எழுந்து, முழங்காலை லேசாக மடக்கியே வையுங்கள். கண் தொடுவானத்தில், இல்லாவிட்டால் எதிர்க்கரைத் தென்னையில். காலைக் குனிந்து பார்த்தால் விழுவது நிச்சயம். எழுந்ததும் சும்மா நிற்காமல் துடுப்பைத் தண்ணீரில் போடுங்கள், நகரும் போர்டு நிற்கும் போர்டைவிடக் குறைவாகவே ஆடும்.

துடுப்பின் உயரம்: நிமிர்ந்து கையைத் தூக்கினால் பிடி மணிக்கட்டுக்கு வர வேண்டும். பட்டையான பகுதி தண்டிலிருந்து லேசாகச் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வு முன்பக்கம் நோக்கி இருக்கட்டும். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். ஒரு கை மேல் பிடியில், மறு கை தண்டில். முன்னே எட்டிப் பட்டை முழுதும் மூழ்கும்படி போட்டு, பாதம் வரை இழுத்ததும் வெளியே எடுங்கள். அதற்கும் பின்னால் இழுத்தால் போர்டு திரும்பத்தான் செய்யும். கையை நம்பாமல் இடுப்பைத் திருப்பி இழுத்தால் தோள் வலிக்காது. இந்த விளையாட்டில் தேசிய சாம்பியன் பட்டம் வென்ற கோவளத்துக்காரர் சேகர் பச்சை துடுப்பு போடும் வீடியோ கிடைத்தால், கையை விட்டுவிட்டு அவர் இடுப்பைப் பாருங்கள்.

விழத்தான் செய்வீர்கள். போர்டின் மேல் விழாமல் பக்கவாட்டில் தண்ணீரில் விழுங்கள். தலைகுப்புறப் பாய வேண்டாம், அடியில் மணல் கிட்டத்தில் இருக்கலாம். ஏறும்போது நடுக் கைப்பிடியைப் பிடித்து, கால்களை மேலே கொண்டுவந்து உதைத்தபடி வயிற்றைப் போர்டில் ஏற்றுங்கள். காற்று வலுத்தால் நிற்காதீர்கள், மண்டியிடுங்கள். அதிலும் முடியாவிட்டால் குப்புறப் படுத்துக் கையால் தள்ளுங்கள். எந்த நிலையிலும் போர்டை விட்டு நீந்த வேண்டாம்.

கழியில் வலை கட்டியிருப்பார்கள். கழுத்தளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களும் இருப்பார்கள். அது அவர்கள் பிழைப்பு. தள்ளிப் போங்கள், வலைக் குச்சிகளுக்கு நடுவில் புகாதீர்கள்.

எப்போதும் காற்றை எதிர்த்துக் கிளம்புங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். எதிர்க்காற்றில் அரை மணி நேரம் போய், விழுந்தாலும் நீங்களே ஏறி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர முடிகிறதா? அப்போது பயிற்சியாளரிடம் கடலைப் பற்றிக் கேளுங்கள்.