டேலியைக் கடைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு இணையத்தோடு இணைப்பது எப்படி

பெங்களூரில் சிக்பேட்டை ஜவுளிக் கடையானாலும் பீன்யா லேத் பட்டறையானாலும் கணக்கு எழுதும் மென்பொருள் என்று கேட்டால் முதலில் வரும் பெயர் டேலிதான். 1986-இல் தொடங்கிய அந்த நிறுவனம் நம் ஊரைச் சேர்ந்தது என்பதை இங்குள்ள தமிழ்க் கணக்குப்பிள்ளைகள் சற்றுப் பெருமையோடே சொல்வார்கள். ஆனால் 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு, மேசைக் கணினியில் பில் போட்டு அச்செடுத்தால் வேலை முடிந்தது என்ற நிலை போய்விட்டது. ஈ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவாகும் பில்), ஈ-வே பில் (சரக்கு வண்டிக்கான மின்-சீட்டு), ரிட்டர்ன் (வரிக் கணக்குத் தாக்கல்) எல்லாம் இணையம் வழியாகவே போக வேண்டியிருப்பதால், எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் உள்ள வாடகைக் கணினிகளுக்கு, மாற்றிவிடலாமா என்று பல முதலாளிகள் கேட்கிறார்கள். அதற்கு அவசியமில்லை என்பதே என் கருத்து. ஆயிரக்கணக்கான பில்களைத் தேடுவது, சரக்கிருப்பைக் கூட்டுவது, அச்சடிப்பது ஆகியவற்றைக் கடைக் கணினியே செய்யட்டும். அரசுத் தளத்துக்கு அனுப்ப வேண்டியதையும் முதலாளி வெளியூரிலிருந்து பார்க்க வேண்டியதையும் மட்டும் இணையத்திடம் விடலாம். இணைப்பு அறுந்த நாளிலும் கடையில் பில் போட முடிய வேண்டும் என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டு கீழ்க்கண்ட அமைப்பைச் செய்யுங்கள்.

முதலில், தரவு எந்தக் கணினியில் இருக்கும் என்று முடிவு செய்யுங்கள். கணக்கர் அன்றாடம் வேலை செய்யும் கணினியாகவே அது இருக்கலாம். எஸ்எஸ்டி வட்டும் 8 ஜிபி நினைவகமும் ஒரு சிறு கடைக்குப் போதும். எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசிப் புதுக் கணினி வாங்குபவர்கள் கடைசியில் மிச்சம் பிடிப்பது யூபிஎஸ்ஸில்தான். அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். பதிவு சேமிக்கப்படும் நொடியில் கரண்ட் போனால் கெடுவது அந்த ஒரு பில் மட்டுமல்ல. ஒரே கணினி என்றால் சில்வர் உரிமம் போதும், இரண்டு மூன்று பேர் ஒரே கணக்கில் எழுத வேண்டுமென்றால் கோல்டு உரிமம் வேண்டும். அப்போது கணினிகளை வைஃபை வழியாக அல்லாமல் கேபிளால் இணைத்து, தரவு உள்ள கணினிக்கு ரவுட்டரில் நிலையான ஐபி முகவரி கொடுத்துவிடுங்கள்.

அடுத்து வருவதில்தான் மிகுதியானோர் தவறுகிறார்கள். தரவு ஃபோல்டரை, இணையத்தோடு தானாக ஒத்திசைந்துகொள்ளும் கிளவுடு ஃபோல்டருக்குள் வைத்துவிட்டால் பேக்கப்பும் ஆயிற்று, வீட்டிலிருந்தும் திறக்கலாம் என்று தோன்றும். நானும் ஒருமுறை அப்படிச் செய்து கைசுட்டுக்கொண்டவன். ஒரு பில்லைச் சேமிக்கும்போது மென்பொருள் ஒரே சமயத்தில் பல கோப்புகளில் எழுதுகிறது; ஒத்திசைவு நிரலோ ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக, தனக்குத் தோன்றும் வரிசையில் மேலே ஏற்றுகிறது. வீட்டுக் கணினியிலும் அதே கணக்கு திறந்திருந்தால், பாதி புதிது, பாதி பழையது என்று கோப்புகள் கலந்து, மறுநாள் காலையில் கணக்கே திறக்க மறுக்கும். எனவே உயிருள்ள தரவு எப்போதும் கணினியின் சொந்த வட்டில்தான் இருக்க வேண்டும். மென்பொருளை மூடிய பின் எடுத்த பேக்கப் கோப்பை மட்டுமே கிளவுடுக்கு அனுப்ப வேண்டும்.

இனி ஈ-இன்வாய்ஸ் இணைப்பு. 2017-18 முதல் எந்த ஒரு நிதியாண்டிலாவது விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால், 2023 ஆகஸ்ட் 1 முதல் மற்ற வணிகர்களுக்குப் போடும் பில்களுக்கு இது கட்டாயம். ஈ-இன்வாய்ஸ் தளத்தில் உங்கள் ஜிஎஸ்டி கணக்கால் நுழைந்து, ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) பதிவுப் பகுதியில் ஜிஎஸ்பி (அரசுத் தளத்தோடு இணைத்துத் தரும் இடை நிறுவனம்) வழியாக என்பதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் டேலியைக் குறித்து, அதற்கெனத் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்குங்கள். தளத்தில் நுழையும் கடவுச்சொல் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு அரை நாள் போராடியவர்களை எனக்குத் தெரியும். பிறகு டேலியில் கம்பெனியின் ஜிஎஸ்டி விவரத்தில் ஈ-இன்வாய்ஸை இயக்கினால், பில்லைச் சேமித்தவுடன் அனுப்பவா என்று மென்பொருளே கேட்கும். பில் விவரம் தளத்துக்குப் போய், 64 எழுத்துகள் கொண்ட ஐஆர்என் என்ற பில் பதிவு எண்ணும் கியூஆர் குறியும் திரும்பி வந்து அதே பில்லில் ஒட்டிக்கொள்ளும். தவறாக அனுப்பிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் மட்டுமே அதைத் தளத்தில் ரத்து செய்ய முடியும். அதன் பிறகு, பில் தொகையைக் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட்தான் வழி.

இந்த இணைப்பு சரியாக இருந்தும் பில் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் வாங்குபவரின் விவரங்கள் உள்ள பார்ட்டி லெட்ஜரில்தான் இருக்கும். நான் கணக்குப் பார்க்கும் பீன்யா பட்டறையில் ஒரு மாலை ஓசூருக்குப் போக வேண்டிய லாரி வாசலில் நின்றுகொண்டிருக்க, பில்லை நான்கு முறை அனுப்பியும் தளம் ஏற்கவில்லை. ஓட்டுநர் இரண்டாவது டீயையும் குடித்து முடித்துவிட்டார். லெட்ஜரைத் திறந்து பார்த்தால், ஜிஎஸ்டி எண் 33 என்று தமிழ்நாட்டுக் குறியீட்டோடு சரியாகத்தான் தொடங்கியிருந்தது. ஆனால் பழைய உள்ளூர் லெட்ஜர் ஒன்றைப் பார்த்து உருவாக்கியதால் பின்கோடு மட்டும் 560058 என்று பீன்யாவையே காட்டிக்கொண்டிருந்தது. மாநிலமும் பின்கோடும் பொருந்தாததைத் தளம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறது. 635109 என்று திருத்தியவுடன் ஐஆர்என் வந்துவிட்டது. ஆகவே இணைப்பைத் தொடங்கும் முன் ஒரு நாள் ஒதுக்கி, எல்லா லெட்ஜர்களிலும் ஜிஎஸ்டி எண், மாநிலம், பின்கோடு மூன்றையும், சரக்குகளில் எச்எஸ்என் என்ற சரக்கு வகைக் குறியீட்டையும் அளவு அலகையும் சரிபார்த்துவிடுங்கள். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போது தூரத்தையும் வண்டி எண்ணையும் அதே பில்லில் கொடுத்தால் ஈ-வே பில்லும் உடன் வந்துவிடும்.

இணையம் இல்லாத வேளையில் பில்லைப் பதிந்துவைத்துப் பின்னால் அனுப்பலாம் என்றாலும், ஐஆர்என் இல்லாமல் சரக்கு வாசலைத் தாண்டக் கூடாது. அவசரத்துக்கு மென்பொருளிலிருந்து பில் விவரத்தை ஜேஸன் என்ற வடிவில் கோப்பாக எடுத்து, கைப்பேசி இணைப்பில் இயங்கும் வேறொரு கணினி வழியாகத் தளத்தில் ஏற்றலாம். இதை ஒருமுறை பழகி வைத்திருப்பது நல்லது.

முதலாளி வெளியூரிலிருந்து நிலுவையையும் சரக்கிருப்பையும் பார்க்க வேண்டுமென்றால், டேலியின் இணையதளத்தில் பிரவுசர் வழியாகவே அறிக்கைகளைக் காணும் வசதி இருக்கிறது. தரவு கடையில்தான் இருக்கிறது என்பதால், கடைக் கணினி இயங்கிக்கொண்டு, அந்தக் கம்பெனியின் கணக்கு இணைப்பில் இருந்தால் மட்டுமே அறிக்கை தெரியும். இரவு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போன கணக்கரைத் தொலைபேசியில் திட்டிப் பயனில்லை. வீட்டிலிருந்து பில்லே போட வேண்டுமென்றால் விபிஎன் (பிறர் நுழைய முடியாத தனி இணையப் பாதை) அமைத்து அதன் வழியாக ரிமோட் டெஸ்க்டாப் (கடைக் கணினியின் திரையை வேறிடத்திலிருந்து இயக்கும் வசதி) பயன்படுத்துங்கள். ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 என்ற போர்ட்டை (இணைப்புக் கதவை) நேரடியாகத் திறந்துவிடுவது, கடையின் ஷட்டரை ஏற்றி வைத்துவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம்.

இதே எச்சரிக்கை 9000 என்ற போர்ட்டுக்கும் பொருந்தும். டேலி இந்தப் போர்ட் வழியாக மற்ற நிரல்களோடு எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவில் பேசும்; எக்செல் கோப்பில் லெட்ஜர் பட்டியலை நேரே இழுத்துக்கொள்ளவும், இணையக் கடையில் வரும் ஆர்டரைப் பில்லாக மாற்றவும் இது உதவும். கடைக்குள் இருக்கும் வரை மிகவும் பயனுள்ள இந்தக் கதவை வெளி இணையத்துக்குத் திறக்கக் கூடாது. இணையக் கடையோடு இணைக்க வேண்டியிருந்தால், கடைக் கணினியில் இயங்கும் ஒரு சிறு நிரல் தானே வெளியே போய் ஆர்டர்களை எடுத்துவந்து உள்ளே சேர்க்கும்படி எழுதச் சொல்லுங்கள்.

பயனர் உரிமைகளைப் பொறுத்தவரை, பில் போடுபவருக்குப் பதிவு உரிமை மட்டும் போதும். டேலிவால்ட் கடவுச்சொல் போட்டுத் தரவைப் பூட்டினால், அதை எழுதி பீரோவில் வையுங்கள்; மறந்துவிட்டால் மீட்டுத் தர எவராலும் இயலாது. பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால் 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தங்களின் தடம் கணக்கில் பதிவாக வேண்டும் என்பதால், எடிட் லாக் உள்ள பதிப்பையே நிறுவ வேண்டும்.

பேக்கப்பை நாள்தோறும் மாலையில் ஆல்ட், ஒய் விசைகளை அழுத்தி வரும் பட்டியலிலிருந்து எடுத்து, ஒரு படியை வெளி வட்டிலும் இன்னொன்றைக் கிளவுடிலும் வையுங்கள். வெளி வட்டைக் கணினியிலேயே செருகி விட்டுவிடாமல் கழற்றி வைப்பது முக்கியம். வைரஸ் புகுந்தால் செருகியிருக்கும் வட்டையும் சேர்த்தே பூட்டிவிடும். மாதம் ஒருமுறை அந்தப் பேக்கப்பை வேறொரு கணினியில் புதிய, வெற்று ஃபோல்டரில் மீட்டெடுத்து, கடைசி பில் எண்ணும் இறுதிச் சரக்கிருப்பும் கடைக் கணினியில் உள்ளதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். நடப்புத் தரவு இருக்கும் ஃபோல்டரிலேயே மீட்டெடுத்தால் இன்றைய பதிவுகள் மேல் பழையது எழுதப்பட்டுவிடும் என்பதால், ‘ரீஸ்டோர்’ அழுத்துவதற்கு முன் ஃபோல்டரின் பெயரை இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள்.