ஊராட்சி அலுவலகத்துக்கு ஃபைபர் வந்தாச்சா? இனிமேல்தான் வேலை

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர், அதாவது கண்ணாடி இழை வழியாக வரும் இன்டர்நெட், கொண்டுபோவது மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. தமிழ்நாடு அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் அதைச் செய்கிறது. பென்னாகரம் பக்கம் இ-சேவை மையம் நடத்துகிறவள் நான். அலுவலகச் சுவரில் ஃபைபர் வந்து சேரும் மோடம் பெட்டியை மாட்டிவிட்டால் மட்டும் ஊருக்கு நெட் வந்ததாகாது.

முதலில் கரன்ட்டைக் கவனியுங்கள். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடும். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் பார்த்து கரன்ட் போனாலும் பெட்டி ஓட, அதற்கேற்ற மினி யுபிஎஸ் மாட்டுங்கள்.

அடுத்து, விளக்குகளைப் பார்க்கப் பழகுங்கள். பெட்டியில் 'பான்' (PON) என்று எழுதிய விளக்கு பச்சையாக, அசையாமல் எரிந்தால் லைன் சரி. 'எல்ஓஎஸ்' (LOS) விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஒளி வந்து சேரவில்லை; பெட்டியை எத்தனை முறை ஆஃப் செய்து போட்டாலும் பெரும்பாலும் பலன் இருக்காது. பெட்டிக்குள் போகும் அந்த மெல்லிய மஞ்சள் ஃபைபர் ஒயர் பீரோவுக்குப் பின்னால் நசுங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். அதில் ஓடுவது கரன்ட் இல்லை, ஒளி. கூர்மையாக மடங்கினால் ஒளி கசிந்துவிடும். முனையைக் கழற்றி மட்டும் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள், உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். ஒயர் சரியாக இருந்தும் சிவப்பு மாறவில்லையென்றால் வெளியே எங்கோ அறுந்திருக்கும், உடனே புகார் கொடுங்கள்.

பக்கத்தில் பள்ளிக்கூடமோ நூலகமோ இருந்தால், இந்த நெட்டை அங்கேயும் கொண்டுபோக, நூறு மீட்டருக்குள் சாதாரண லேன் கேபிளே போதும்.

இனி ஆட்கள். நான் அதிகம் மல்லாடுவது ஓடிபியோடுதான். பாட்டி பென்ஷனுக்காக வந்து உட்கார்ந்திருப்பார். ஆதாரில் இருப்பதோ திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் நம்பர். அவன் ஷிஃப்டில் இருந்தால் போனை எடுக்கவே மாட்டான். அதனால் எந்த மனுவுக்கும் முன்னால் நம்பரை மாற்றச் சொல்லிவிடுங்கள். இ-சஞ்சீவனி என்ற அரசு ஆன்லைன் மருத்துவ சேவையில், வீடியோவில் டாக்டரிடம் காட்ட வருகிறவர்களை வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வையுங்கள், பழைய மாத்திரை அட்டையையும் கொண்டுவரச் சொல்லுங்கள். சுகருக்கும் பிரஷருக்கும் பஸ் பிடித்து அரை நாள் அலைவது இதில் மிச்சம். கூலிக்குப் போகிறவர்களுக்கு அது அரை நாள் சம்பளம்.

பெட்டி இருக்கும் அறைச் சாவி யாரிடம், புகார் சொல்ல வேண்டியது யார், யுபிஎஸ் பேட்டரிக்குப் பணம் எதிலிருந்து – இந்த மூன்றையும் கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. வாய்ப்பேச்சோடு விடாமல் தீர்மானமாக எழுத வைத்து, நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.