குழந்தையின் தோல் நிறத்தை எண்ணாக அளப்பது எப்படி? முதன்முறை அளப்பவர்களுக்கு

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் விரல் வழியாக ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் ஆக்ஸிஜனைக் கணிக்கிறது. அடர் நிறத் தோலில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடக்கூடும். அதனால்தான் இதுபோன்ற கருவிகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் குழந்தையின் தோல் நிறத்தையும் சரியாகக் குறித்தாக வேண்டும். ‘மாநிறம்’ என்று எழுதி வைத்தால் போதாது. ஒருவருக்கு மாநிறம், இன்னொருவருக்குக் கறுப்பு.

1975இல் வந்த ஃபிட்ஸ்பாட்ரிக் வகைப்பாடு பலருக்கும் தெரிந்திருக்கும். அது வெயிலில் தோல் எரிகிறதா, கறுக்கிறதா என்று கேட்டு வகை பிரிப்பது. வெயிலையே பார்க்காத பச்சைக் குழந்தைக்கு இந்தக் கேள்வியில் அர்த்தமே இல்லை. ஆகவே கருவியால் அளப்போம்.

கருவி

தோலுக்குத் தோதான ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் அல்லது கலரிமீட்டர் வேண்டும். ஒளியைத் தோலில் பாய்ச்சி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. எல்* (வெளிறலா அடர்வா), ஏ* (சிவப்பு), பி* (மஞ்சள்) என மூன்று எண்கள் கிடைக்கும். தோலுக்கு நிறம் தரும் பொருள் மெலனின்; அதன் அளவைக் குறிக்கும் மெலனின் இண்டெக்ஸ் என்ற ஒற்றை எண்ணைத் தரும் கருவிகளும் உண்டு. உதாரணமாக மெக்ஸாமீட்டர் 660, 880 நானோமீட்டர் ஒளியை வைத்து அதைக் கணக்கிடுகிறது. ஒரு கருவியின் இண்டெக்ஸை வேறு கருவியின் இண்டெக்ஸோடு ஒப்பிடாதீர்கள். கைபேசிப் படம் வேண்டவே வேண்டாம், கேமரா நிறத்தைத் தானாகத் திருத்திவிடும்.

காலையில் அளக்கத் தொடங்கும் முன் கருவியோடு வந்த வெள்ளைத் தகட்டில் வைத்து அளவீட்டைச் சரிசெய்து, தகட்டுக்கு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இடம்

பிறவி நிறம் தெரிய வேண்டுமானால் மேல்கையின் உட்புறம், அக்குளுக்கும் முழங்கைக்கும் நடுவில். வெயில் அதிகம் படாத இடம் அது. வெயிலால் எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்க்க நெற்றியையோ புறங்கையையோ கூடவே அளந்து வித்தியாசத்தை எடுக்கலாம். மச்சம், தழும்பு, சொறிந்த இடம், பிறவியிலேயே இருக்கும் நீலத் திட்டு ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பவுடர், கிரீம், எண்ணெய் இருந்தால் மெல்லத் துடைத்து உலர விடுங்கள்.

குழந்தை

ஓடி விளையாடிவிட்டு வந்த குழந்தையையும் அழுதுகொண்டிருக்கும் குழந்தையையும் உடனே அளக்கக் கூடாது. ரத்தம் தோலுக்குப் பாய்ந்து ஏ* ஏறிவிடும். பத்து நிமிடம் அம்மா மடியில் உட்காரட்டும். அதற்குள் கருவியை உங்கள் கையில் ஒருமுறை வைத்துக் காட்டுங்கள், பயம் பாதி போய்விடும். அப்புறம் ஒன்று: எண்ணைப் பார்த்து “நிறம் கம்மி” என்றோ “நல்ல நிறம்” என்றோ யாரும் சொல்ல விடாதீர்கள். குழந்தை கேட்டால், “உன் தோலிலிருந்து எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருதுன்னு பார்க்கிறோம்” என்று சொல்லலாம். அதுதான் உண்மையும்கூட.

அளத்தல்

பிழையில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. உங்கள் முன்கையில் விரலை ஐந்து விநாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளிறிய தடம் தெரியும், கொஞ்ச நேரத்தில் மறுபடி நிறம் திரும்பும். ரத்தம் விலகிப் போனதுதான் அந்த வெளுப்பு. கருவியை அழுத்திப் பிடித்தாலும் இதே கதைதான்: எல்* கூடி, தோல் உள்ளதைவிட வெளுப்பாகப் பதிவாகும். ஒளி வெளிவரும் கருவியின் வாய் தோலைத் தொட்டால் போதும். குழந்தையின் கை உருண்டை என்பதால், சிறிய வாய் இருந்தால் அதையே மாட்டுங்கள். ஓரத்தில் இடைவெளி விழுந்தால் ஒளி கசியும்.

மூன்று முறை அளக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டு மறுபடி வைத்து. எல்* 54.3, 53.6, 56.9 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்றாவது முறை குழந்தை கையை இழுத்தது, நீங்கள் இறுக்கிப் பிடித்தீர்கள். சராசரி போட்டு மழுப்பாமல் இன்னொரு முறை அளங்கள். 54.0 வந்தால் 54.3, 53.6, 54.0 மூன்றில் நடு எண் 54.0. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு

இந்த எண்களை ஐ.டி.ஏ. (இண்டிவிஜுவல் டைபாலஜி ஆங்கிள்) என்ற கோணமாக மாற்றுவது வழக்கம். கோணம் கூடினால் தோல் வெளிறியது என்று பொருள்:

ஐ.டி.ஏ. = ஆர்க்டான் [(எல்* − 50) ÷ பி*] × 180 ÷ π

பி* 18.2 என்றால், 4.0 ÷ 18.2 = 0.22. கோணம் ஏறக்குறைய 12.4 டிகிரி. அந்த 56.9ஐ மட்டும் நம்பியிருந்தால், பி* மாறாவிட்டாலும் 20.8 வந்திருக்கும்! எக்செல் கோணத்தை ரேடியனில்தான் தரும். 180 ÷ π ஆல் பெருக்க மறந்தால் 0.22 என்ற எண்ணே விடையாக நிற்கும்.

கோணம் 55 டிகிரிக்கு மேல் என்றால் மிக வெளிறியது, 41 முதல் 55 வெளிறியது, 28 முதல் 41 இடைநிலை, 10 முதல் 28 பழுப்பேறியது, −30 முதல் 10 பழுப்பு, −30க்குக் கீழ் அடர் நிறம். பெயரைவிடக் கோணத்தையே பதிவில் எழுதுங்கள். வகைக்குள் போட்டால் 11ம் 27ம் ஒன்றாகிவிடும்.

காமாலை இருக்கும் சிசுவுக்கு மஞ்சள் கூடி பி* ஏறும், கோணம் மெலனினை மட்டும் சொல்லாது. அதைத் தனியே குறியுங்கள். பிறந்தபோது வெளிறியிருக்கும் தோல் அடுத்த சில மாதங்களில் அடர்வதால் வயதை நாள் கணக்கில் எழுதுவது அவசியம். அளந்த இடம், மாதம், கருவியின் பெயர், வாயின் அளவு ஆகியவையும் அதே வரியில் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் வெள்ளைத் தகட்டை இன்னொரு முறை அளந்து பாருங்கள். காலையில் வந்த எண்ணிலிருந்து அது நகர்ந்திருந்தால், அன்றைய அளவுகளை அப்படியே சேர்க்காமல் தனியே எடுத்து வையுங்கள்.