மஞ்சள் கடுதாசி கொடுப்பதற்கு முன்: கடனில் சிக்கியவர் சட்ட உதவி பெறும் வழி

திருநெல்வேலிச் சீமையில் ஒருவர் "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்றால், ஊரை ஏமாற்றிவிட்டார் என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள். உண்மையில் அது, கடனை அடைக்க வழியில்லாதவர் தம் சொத்தையும் கடனையும் ஒளிக்காமல் நீதிமன்றத்தில் ஒப்படைத்து, இருப்பதைக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டுத் தம்மை விடுவிக்கும்படி கேட்கும் நொடிப்பு மனுவாகும். அந்த மனு கைகொடுக்குமா என்பது, வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே நீங்கள் எழுத வேண்டிய ஒரு கணக்கைப் பொறுத்திருக்கிறது.

ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு கடனுக்கும் கொடுத்தவரின் பெயர், முகவரி, வாங்கிய தேதி, இதுவரை கட்டிய தொகை ஆகியவற்றை எழுதுங்கள். தண்டல்காரர் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500 ரூபாயைத்தான் கையில் தந்தார் என்றால் இரண்டு தொகையையும் எழுதுங்கள். மைத்துனரிடம் வாய்வார்த்தையாக வாங்கியதையும், தொகை நிரப்பாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த செக்குகளையும் விட்டுவிடாதீர்கள். புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போடும் காலவரம்பு பொதுவாக 3 ஆண்டுகள்; ஆனால் அந்தக் காலத்துக்குள் புரோநோட்டின் பின்பக்கம் வரவு எழுதி நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் ஓடத் தொடங்கும். ஆகவே "சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று யார் கேட்டாலும், வக்கீலிடம் காட்டாமல் போடாதீர்கள்.

அடுத்து, கடன்களை வகை பிரிக்க வேண்டும். வீட்டை அடமானம் வைத்த வங்கிக் கடனை நொடிப்பு மனு தடுத்து நிறுத்தாது. அதற்கு வங்கி அனுப்பும் 60 நாள் நோட்டீசுக்கு உரிய காலத்தில் எழுத்தில் பதில் கொடுத்து, தேவைப்பட்டால் மதுரையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போனில் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கந்துவட்டியோ மீட்டர் வட்டியோ என்றால் அது குற்றம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 2017 அக்டோபரில் நம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டியால் ஒரு குடும்பமே தீக்கிரையானதை இந்த ஊர் மறக்கவில்லை. மிரட்டல் தொடங்கிய அன்றே காவல் துறையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். மனம் உடைந்து போயிருந்தால் 14416 என்ற எண்ணில் உடனே பேசுங்கள்.

மீதமுள்ள கடனுக்கே நொடிப்பு மனு. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே இதுவரை நடைமுறைக்கு வந்திருப்பதால், நம் மாவட்டத்தில் மற்றவர்களுக்கு இன்றும் 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டமே பொருந்தும். நீதிமன்றம் மனுவை ஏற்று நொடிந்தவர் என்று அறிவித்ததும், சொத்து நீதிமன்றத்தின் அல்லது அது நியமிக்கும் ரிசீவரின் பொறுப்புக்குப் போகும். ஆனால் எல்லாமே போய்விடாது: சமையல் பாத்திரங்கள், உடுதுணி, படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி, கைவினைஞரின் கருவிகள் ஆகியவற்றைத் தொட முடியாது. பத்தமடையில் பாய் நெய்பவரின் தறி அவருக்கே. பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகப் பெண்ணைக் கைது செய்ய முடியாது. ஆண் ஒருவரையும், கட்ட வசதியில்லை என்பதற்காக மட்டும் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். நெருக்கடி வந்ததும் முதல் வேலையாக வீட்டை மனைவி பெயருக்கோ தம்பி பெயருக்கோ எழுதி வைக்கிறார்கள். மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் உரிய விலை பெறாமல் செய்த மாற்றத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். அதைவிட, உங்கள் நாணயத்தின் மீது விழும் சந்தேகம், கடனிலிருந்து கிடைக்க வேண்டிய விடுதலையையே தள்ளிப்போடும். கடைசி 3 மாதங்களில் ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கடனை அடைப்பதும் அப்படியே. விடுதலை கிடைத்தாலும் அரசுக்குச் செலுத்த வேண்டியதும், மோசடியால் வந்த கடனும், மனைவி மக்களுக்கான ஜீவனாம்சமும் நீங்காது. உங்களுக்கு ஜாமீன் நின்றவரும் தப்ப மாட்டார். செக் திரும்பிய குற்ற வழக்கும் தனியே நடக்கும். இவற்றை முன்கூட்டியே ஜாமீன்தாரரிடம் சொல்லிவிடுவது நியாயம்.

வக்கீல் கட்டணத்துக்கு அஞ்சி ஒதுங்க வேண்டாம். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமலும், மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டும் இலவசமாக வக்கீலை அமர்த்தித் தருகிறது. அம்பாசமுத்திரம், நாங்குநேரிப் பக்கத்தவர்கள் தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கடன் கொடுத்தவர் பேச வருவார் என்றால், மனுவுக்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் தவணை பேசி முடிப்பதுதான் என் பார்வையில் நல்லது. ஆனால் அங்கே எழுதப்படும் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை என்பதால், மாதம் உண்மையில் கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் சம்மதியுங்கள். போகும்போது ஆதார், வருமானச் சான்று, வங்கிப் பாஸ்புக், வந்த நோட்டீசுகள் எல்லாவற்றையும் உறையோடு எடுத்துச் செல்லுங்கள். உறையின் மேலுள்ள தபால் முத்திரைத் தேதி சில வழக்குகளில் தேவைப்படும். கடன் கணக்கு எழுதிய அந்த நோட்டும் கையில் இருக்கட்டும்.