தவ்கே ஏன் வெளுத்திருக்கிறது? வீட்டிலேயே ஒரு சோதனை

ஈரச்சந்தையில் விற்கும் தவ்கே, பச்சைப்பயற்றின் முளைதான். பச்சையம் செய்யும் மரபணுக்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இருட்டில் வளர்ந்ததால் வெளுத்திருக்கிறது. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையிலேயே இதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

தேக்கா சந்தையில் முழுப்பயறு வாங்குங்கள். உடைத்த பருப்பு முளைக்காது. 40 மணிகளை 8 மணி நேரம் ஊறவைத்து, அடியில் துளையிட்ட டப்பாவில் ஈரப்பஞ்சின்மேல் பரப்பி, அட்டைப்பெட்டிக்குள் வைத்து அலமாரியில் மூடிவிடுங்கள். தினம் இருமுறை தண்ணீர் தெளிக்க வேண்டும், அதுவும் விளக்கை அணைத்துவிட்டு. சிறிது வெளிச்சம் கசிந்தாலும் இலையில் பச்சை தட்டிவிடும். வடிந்த நீரை உடனே கொட்டுங்கள். நம் வெப்பத்தில் பயறு அழுகிவிடும், ஏடிஸ் கொசுவும் முட்டையிடும்.

ஐந்தாறு நாளில் நெட்டையான தண்டின் நுனியில் மஞ்சளாக இரண்டு சிறு இலைகள் தெரியும். ஒன்றை மட்டும் அலுமினியத் தாளால் தளர்வாகச் சுற்றி, ஓரத்தை மடித்து, செடியைச் சன்னலோரம் வையுங்கள். மறுநாள் தாளைப் பிரித்தால் ஓர் இலை பச்சை, மற்றது மஞ்சள். ஒரே செடி, ஒரே மரபணுக்கள்!

காரணம் இதுதான். இருட்டில் 'பிஃப்' எனும் புரதங்கள் பச்சைய மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும். வெளிச்சம் பட்டதும், அதை உணரும் ஃபைட்டோகுரோம் எனும் புரதம் விழித்து பிஃப் புரதங்களை அழிக்கும். அடங்கியிருந்த மரபணுக்கள் முழுவேகத்தில் இயங்கும். இன்னொரு பூட்டும் உண்டு. பச்சையத்துக்கு முந்தைய பொருளான புரோட்டோகுளோரோஃபில்லைடு இருட்டிலேயே கொஞ்சம் சேர்ந்திருக்கும். அதைப் பச்சையமாக்கும் பாதையில் 'போர்' எனும் நொதி வெளிச்சம் நேரடியாகப் பட்டால்தான் வேலை செய்யும். பூக்கும் தாவரங்கள் எல்லாவற்றிலும் இப்படித்தான். பைன் மரக்கன்றுக்கோ வெளிச்சம் தேவைப்படாத இன்னொரு நொதியும் இருப்பதால், அது இருட்டிலும் பச்சையாகும்.

எடுத்தவுடன் தாழ்வாரத்து உச்சிவெயிலில் வைக்காதீர்கள். சேர்ந்திருக்கும் அந்த முன்பொருள் கடும் ஒளியில் நச்சு ஆக்சிஜனை உண்டாக்கி இலையைக் கருக்கிவிடும். பிஃப் புரதங்கள் இருட்டில் கடிவாளம் போடுவதே இது மிகுதியாகச் சேராமல் இருக்கத்தான்.

இரண்டு நாள் வெளிச்சத்துக்குப் பிறகும் ஒரு முளை மட்டும் வெளுத்தே நின்றால், மரபணுப் பழுது என்று சந்தேகிக்கலாம். விதையிலுள்ள உணவு தீர்ந்ததும் அது வாடிவிடும். மார்பிள் குயின் மணிபிளாண்ட்டின் வெள்ளைத் திட்டும் இந்த வகைதான்: பச்சையப் பாதையின் ஒரு மரபணு அங்கே சரிவர இயங்குவதில்லை. வெயிலுக்கு நகர்த்தினாலும் அந்தத் திட்டு பச்சையாகாது.