ஆற்றங்கரை அணுமின் நிலையத்தின் வெள்ளப் பாதுகாப்பை மதிப்பிடுவது எப்படி?

முதலில் இரண்டு உயரங்களைக் கேட்டறியுங்கள்: நிலையத்தின் தரைமட்டம் எது, எந்த அளவு வெள்ளத்தைத் தாங்குமாறு அது வடிவமைக்கப்பட்டது? அமெரிக்காவில் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்த ஃபோர்ட் கால்ஹூன் நிலையத்தில் இவை கடல்மட்டத்திலிருந்து முறையே 1,004 அடி, 1,014 அடி. இடைப்பட்ட 10 அடியை எது காக்கிறது என்பதே உண்மையான கேள்வி. அந்த ஏற்பாடுகள் போதாவென அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2010-இல் சுட்டிக்காட்டியது. மறு ஆண்டே வெள்ளம் வந்தது.

உலையை நிறுத்திவிட்டால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடாதீர்கள். எரிபொருளில் எஞ்சும் வெப்பத்தை நீக்கப் பம்புகளும் அவற்றுக்கு மின்சாரமும் தேவைப்படுவதால், டீசல் ஜெனரேட்டர்கள், மின்பலகைகள், நிலத்தடிக் குழாய்கள் நுழையும் துளைகள் ஆகியவை எந்த உயரத்தில் உள்ளன, எவ்வாறு அடைக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். 1999 டிசம்பரில் பிரான்சின் பிளேயே நிலையத்தில், புயல் எழுப்பிய அலைகள் கரையணையைத் தாண்ட, நிலத்தடிப் பாதைகள் வழியே புகுந்த நீர் முக்கியப் பம்புகளை முடக்கியது.

தற்காலிகத் தடுப்புகளை மட்டுமே நம்பும் திட்டத்தை ஐயத்தோடு அணுகுவதே நன்று. 2011 ஜூன் 26 அன்று, ஃபோர்ட் கால்ஹூனைச் சூழ்ந்திருந்த நீர் நிரப்பிய ரப்பர் தடுப்பணையை இயந்திரம் ஒன்று கிழித்துவிட, வெள்ளம் மின்மாற்றிகளைச் சூழ்ந்தது. சிறிது காலம் டீசல் ஜெனரேட்டர்களையே நம்ப நேர்ந்தது.

ஆற்றின் மேற்பகுதியிலுள்ள அணைகளிலிருந்து திறக்கப்படும் நீரும், வெள்ளம் வாரக்கணக்கில் வடியாமல் நிற்கும் சாத்தியமும் திட்டத்தில் கணக்கிடப்பட்டுள்ளனவா என்றும் கேளுங்கள்.