ஒரே அச்சு, திரும்ப வராத தரை: 'தொப்பி' என்ற ஓடு ஒன்றை நீங்களே வெட்டலாம்

சதுர டைல்ஸ் போட்ட தரையில் ஒரு மூலையைப் பார்த்தால் போதும், மிச்சத் தரையும் அதேதான். இடைவெளி விடாமல் நிரப்ப வேண்டும், ஆனால் அமைப்பு அப்படித் திரும்பத் திரும்ப வரவே கூடாது என்றால்? 1966இல் கணிதவியலாளர் ராபர்ட் பெர்கருக்கு இதற்கு 20,426 வகை ஓடுகள் (டைல்ஸ்) தேவைப்பட்டன. எழுபதுகளில் இன்னொரு கணிதவியலாளர் ரோஜர் பென்ரோஸ் அதை இரண்டாகக் குறைத்தார். ஒரே ஓட்டில் முடித்தவர் பேராசிரியர் அல்ல. இங்கிலாந்தின் பிரிட்லிங்டனில் வாழும், அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற டேவிட் ஸ்மித். 2022 நவம்பரில் கணினியில் இந்த வடிவத்தைப் பார்த்ததும் அட்டையில் வெட்டி அடுக்கத் தொடங்கினார். நாமும் அதையே செய்வோம்.

படி 1: கவராயத்தில் 2 செ.மீ. வைத்து வட்டம் போடுங்கள். வலது ஓரத்தில் தொடங்கி, அதே அளவில் சுற்றிலும் ஆறு புள்ளி வைத்துக் கோடு போட்டால் அறுகோணம். அதன் வலப்பக்கம், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இன்னும் இரண்டு ஒட்டி வரையுங்கள். மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும்.

படி 2: ஒவ்வொன்றிலும் எதிரெதிர்ப் பக்கங்களின் நடுப்புள்ளிகளைச் சேருங்கள். மூலைக்கு ஒன்றாக, பறக்கவிடும் பட்டம் போன்ற வடிவத்தில் ஆறு பட்டங்கள் கிடைக்கும்.

படி 3: இங்கே அவசரம் வேண்டாம். இடது அறுகோணத்தில் இடது மூலை, மேல்-இடது மூலை இரண்டையும் விட்டுவிட்டு மற்ற நான்கு பட்டங்களுக்கு வண்ணம் தீட்டுங்கள். மேல் அறுகோணத்தில் இடது மூலைக்கும் கீழ்-இடது மூலைக்கும் மட்டும் தீட்டுங்கள். கீழ் அறுகோணத்தில் மேல்-இடது, மேல்-வலது மட்டும். மொத்தம் எட்டு. வெளிக்கோட்டில் 13 பக்கம் வந்தால் சரி. பெயர் தொப்பி, எனக்கென்னவோ சட்டை மாதிரிதான் தெரிகிறது.

படி 4: அதை அச்சாக வைத்து, சார்ட் அட்டையில் முப்பதாவது வெட்டுங்கள். பின்பக்கத்துக்கு வேறு நிறம்.

படி 5: அடுக்குங்கள். நீளப் பக்கத்தோடு நீளப் பக்கம், குட்டைப் பக்கத்தோடு குட்டைப் பக்கம். ஒரு பக்கம் மட்டும் இரண்டு குட்டைப் பக்கங்களின் நீளம் இருக்கும். அதை இரண்டாகவே எண்ணிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ எட்டு அட்டைக்கு ஒன்றைக் கவிழ்த்து வைக்க வேண்டிவரும். நடுவே எதுவும் நுழையாத பொந்து விழுந்தால் பயப்படாதீர்கள், கடைசி சில அட்டைகளை எடுத்துவிட்டு மாற்றி வையுங்கள். அடியில் அறுகோணக் கட்டம் வரைந்த தாளை விரித்துக்கொண்டால் வேலை பாதியாகும், ஏனென்றால் எல்லாத் தொப்பிகளும் அந்தப் பட்டக் கோடுகளின் மேலேயே உட்காரும்.

இந்தத் தொப்பியை எப்படி அடுக்கினாலும் அமைப்பு சதுர டைல்ஸ் போலத் திரும்பத் திரும்ப வராது என்பதை, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகக் கணினி அறிவியலாளர் கிரெய்க் கப்லான் உட்பட மூவரோடு சேர்ந்து ஸ்மித் 2023 மார்ச்சில் நிரூபித்தார். அந்த மே மாதமே, கவிழ்க்கத் தேவையில்லாத 'ஸ்பெக்டர்' என்ற இன்னொரு ஓடு ஒன்றையும் அதே நால்வர் கொண்டுவந்தார்கள். தொப்பி கைக்குப் பழகியதும் அப்புறம் அதை வெட்டிப் பாருங்கள்.